முகமூடிப் பாடகரும் மூன்று கட்டு அட்டைகளும்

1929ஆம் ஆண்டு பாரமவுண்ட் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. புதிதாக வந்த இசைத்தட்டு ஒன்றில் பாடகரின் பெயர் இல்லை. ‘முகமூடி அணிந்த அதிசய மனிதர்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். விளம்பரத்தில் கண்ணை மறைத்து முகமூடி கட்டிய ஓர் ஆணின் சித்திரம். இந்தக் குரல் யாருடையது என்று சரியாக எழுதி அனுப்புகிறவருக்கு ஓர் இசைத்தட்டு இலவசம்.

குரலுக்குச் சொந்தக்காரர் சார்லி பேட்டன். மிசிசிப்பி மாநிலத்தின் டாக்கரி பருத்திப் பண்ணையில் வாழ்ந்த கறுப்பினப் பாடகர். 1927இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்தபோது ஊர் ஊராக மக்கள் பட்ட பாட்டை இரண்டு பக்க இசைத்தட்டு நிறையப் பாடியவர். தன்னைப் பிடித்து அடைத்த போலீஸ் அதிகாரியைப் பெயர் சொல்லிப் பாடியவர். முகமூடி ஒரு வியாபாரத் தந்திரம்தான். அதில் பெரிய சதி எதுவும் இல்லை. ஆனால் 1934இல் அவர் இறந்தபோது அவருடைய முகம் என்று உலகத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு விளம்பரப் புகைப்படம்.

அந்தப் புகைப்படத்திலிருந்துதான் 1980இல் ராபர்ட் கிரம்ப் என்ற வெள்ளைக் கார்ட்டூன் கலைஞர் பேட்டனை ஒரு சிறிய அட்டையில் வரைந்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்ப்பதுபோல அமெரிக்கப் பிள்ளைகள் பேஸ்பால் வீரர்களின் அட்டைகளைச் சேர்ப்பார்கள். அதே அளவில், முன்பக்கம் வண்ணச் சித்திரமும் பின்பக்கம் ஒரு பத்தி வாழ்க்கைக் குறிப்புமாக, பழைய புளூஸ் கலைஞர்கள் 36 பேரை யாஸூ என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. 1982இல் ஆரம்பகால ஜாஸ் கலைஞர்களுக்கு 36 அட்டைகள். 1985இல் கன்ட்ரி இசை முன்னோடிகளுக்கு 40. மூன்றையும் சேர்த்து 2006இல் புத்தகமாகவும் போட்டார்கள்.

இணையத்தில் இந்தப் படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நம் தோழர்கள் பலர் இவற்றைத்தான் பகிர்கிறார்கள். கறுப்பின வரலாற்று மாதத்தில் சுவரொட்டிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அழகான படங்கள், சந்தேகமில்லை. பகிரும் முன்பு அவற்றை ஒருமுறை கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்போம் என்றுதான் இதை எழுதுகிறோம். 112 அட்டைகளில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களை மூன்று கட்டாகப் பிரித்தது யார், எந்த முகம் எந்தக் கட்டில் விழுகிறது?

பிரித்தது கிரம்ப் இல்லை. அவருக்கு அறுபது ஆண்டுக்கு முன்பே கம்பெனிகள் பிரித்து வைத்திருந்தன.

1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண் ஓகே கம்பெனிக்காக ‘கிரேஸி புளூஸ்’ பாடினார். அதுவரை கறுப்பினப் பெண் குரலில் புளூஸ் இசைத்தட்டு வந்ததில்லை. போட்டால் வெள்ளை வாடிக்கையாளர்கள் கடையைப் புறக்கணிப்பார்கள் என்று கம்பெனிகள் அஞ்சின. பாட்டை எழுதிய பெர்ரி பிராட்ஃபோர்ட் என்ற கறுப்பின இசைக்கலைஞர் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கித்தான் சம்மதம் வாங்கினார். தட்டு அமோகமாக விற்றது. கூலித் தொழிலாளிகளும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் காசு சேர்த்து வாங்கினார்கள். கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்ற உண்மை அப்போதுதான் முதலாளிகளுக்கு உறைத்தது.

உடனே தனி வரிசை ஆரம்பித்தார்கள். ‘ரேஸ் ரெக்கார்ட்’ என்று பெயர். அந்தச் சொல்லை இன்றைய காதால் மட்டும் கேட்கக் கூடாது. தன் இனத்துக்காக உழைப்பவரை ‘ரேஸ் மேன்’ என்று கறுப்பின மக்களே அப்போது பெருமையாகச் சொல்வார்கள். சொல்லைவிடப் பட்டியல் வேலை செய்த விதம்தான் விஷயம். 1923இல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வெள்ளை ஃபிடில் கலைஞரைப் பதிவு செய்து, அதுவும் விற்றதும், தென்மாநில ஏழை வெள்ளையர்களுக்கு இன்னொரு வரிசை வந்தது. அதற்கு ‘ஹில்பில்லி’ என்று பெயர் நிலைத்தது. மலங்காட்டுப் பட்டிக்காட்டான் என்பதுபோல ஒரு கேலிச் சொல். கொலம்பியா கம்பெனியில் 14000 என்று தொடங்கும் எண்கள் கறுப்பினக் கலைஞர்களுக்கு. 15000 என்று தொடங்குபவை ‘பழகிய பழைய பாட்டுகள்’ என்ற பெயரில் வெள்ளையர்களுக்கு. ஒரே ஸ்டுடியோ, ஒரே எந்திரம், ஒரே மெழுகு. இசைத்தட்டுக்கும் இரட்டைக் குவளை.

இந்தப் பிரிவு எவ்வளவு செயற்கையானது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். டென்னஸியைச் சேர்ந்த ஆலன் சகோதரர்கள் என்ற இரு வெள்ளைக் கலைஞர்கள் 1927இல் கொலம்பியாவுக்குப் பாடினார்கள். அவர்கள் பாடிய புளூஸைக் கேட்ட கம்பெனி, அந்தத் தட்டை 14000 வரிசையில் வெளியிட்டுவிட்டது. சகோதரர்கள் கொதித்துப் போனார்கள். தங்களைக் கறுப்பர்கள் என்று ஊர் நினைத்துவிடும், மானம் போயிற்று என்று வழக்கை எடுத்துக்கொண்டு கம்பெனி மேல் பாய்ந்தார்கள். பிறகு வேறு கம்பெனிக்கே போய்விட்டார்கள். காதுக்குத் தெரியாத நிறம் எண்ணில் தெரிந்தது. அதுதான் அவர்களைச் சுட்டது.

மறுபக்கம் இன்னும் மோசம். ஃபிடிலும் பாஞ்சோவும் வாசித்து நடனத்துக்கு இசை கொடுத்த கறுப்பினக் குழுக்கள் தென்மாநிலங்கள் எங்கும் இருந்தன. பாஞ்சோவே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கருவி. ஆனால் ஒலிப்பதிவுக்காரர்கள் கறுப்பினக் கலைஞரைப் பார்த்தால் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புளூஸ் இருக்கிறதா? வால்ட்ஸ், பழைய ஃபிடில் மெட்டு எல்லாம் அவருடைய வரிசைக்கு உதவாது. மிசிசிப்பி ஷீக்ஸ் என்ற கறுப்பினக் குழு வெள்ளையர் விருந்துகளில் எல்லா வகையும் வாசித்துப் பிழைத்தது. 1930இல் அவர்கள் பதிவு செய்த ‘சிட்டிங் ஆன் டாப் ஆஃப் த வேர்ல்டு’ என்ற பாட்டு இன்று கன்ட்ரி, புளூகிராஸ் மேடைகளில் வெள்ளைக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடும் பாட்டு. கிரம்பின் கட்டுகளில் ஷீக்ஸ் குழு புளூஸ் பக்கம் இருக்கிறது. வேறு எங்கே வைப்பார்? கம்பெனிப் பட்டியலில் அவர்கள் இருந்த இடம் அது.

ஆக, 1980களின் அட்டைகளிலும் அந்தப் பழைய எண்கள் இருக்கின்றன. புளூஸ் கட்டில் கறுப்பு முகங்கள். கன்ட்ரி கட்டு பெரும்பாலும் வெள்ளை. ஜாஸில் மட்டும் கலந்து வருகிறார்கள். படத்தை ரசிக்கும் கண்ணுக்கு இது இயற்கையாகத் தெரியும். கறுப்பர் புளூஸ் பாடினார், வெள்ளையர் கன்ட்ரி பாடினார், அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படித் தோன்ற வைப்பதுதான் வகைப்பாட்டின் வெற்றி.

கன்ட்ரி இசையின் ஆதி குடும்பம் என்று கார்ட்டர் குடும்பத்தைச் சொல்வார்கள். வர்ஜீனியா மலைப்பகுதிக்காரர்கள். ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைவார் என்பது அவர்கள் கதையின் புகழ்பெற்ற பகுதி. அவர் தனியாக அலையவில்லை. 1928 வாக்கிலிருந்து லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார் கலைஞர் கூடப் போனார். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஒரு வீட்டு வாசலில் பாட்டைக் கேட்டதும் ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டு ரிடிலின் மண்டையில் ஏறிவிடும். திரும்பி வந்து அதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவார். மேபெல் கார்ட்டரின் கிட்டார் வாசிப்பைக் கன்ட்ரி உலகமே பாடமாகக் கற்கிறது. ரிடிலிடம் கற்றுக்கொண்டதும் அதில் உண்டு. இசைத்தட்டுகளில் அவர் பெயர் கிடையாது. பாட்டுக்கான உரிமை ஏ.பி.யின் பெயரில் பதிவானது. 1965இல் மைக் சீகர் என்ற பாடகர் தேடிப் பிடித்த பிறகுதான் ரிடிலின் குரலே பதிவாயிற்று. அது ஆல்பமாக வெளிவந்தது 1993இல்.

டிஃபோர்ட் பெய்லியின் கதை இன்னும் வெளிப்படையானது. சிறுவயதில் போலியோ தாக்கியதால் உயரமாக வளராதவர். மௌத் ஆர்கனில் ரயில் ஓடுவதை அப்படியே கேட்க வைப்பார். 1927 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, நாஷ்வில் வானொலியில் அவருடைய ரயில் வாசிப்பை ஒட்டித்தான் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே அந்த நிகழ்ச்சிக்கு ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று பெயர் சூட்டினார். கன்ட்ரி இசையின் கோயில் என்று இன்று சொல்லப்படும் மேடைக்குப் பெயர் வந்த கதையிலேயே ஒரு கறுப்பினக் கலைஞர் இருக்கிறார். வானொலியில் நிறம் தெரியாது. வெளியூர்ப் பயணத்தில் தெரியும். சக கலைஞர்கள் தங்கும் ஹோட்டலில் இவருக்கு இடமில்லை, அவர்கள் சாப்பிடும் மேசையில் இடமில்லை. அங்கிள் டேவ் மேக்கன் என்ற மூத்த வெள்ளைக் கலைஞர், “இவர் என் வேலையாள்” என்று சொல்லி அறைக்குள் அழைத்துப் போனது உண்டு. அது நட்பா அவமானமா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்வோம். 1941இல் நிகழ்ச்சியிலிருந்து பெய்லியை நிறுத்தினார்கள். பிறகு அவரைச் சோம்பேறி என்று எழுதிய ஹே, அதற்கு அவருடைய இனத்தையும் காரணமாகக் காட்டினார். நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்த பெய்லி 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழ்மன்றத்தில் அவர் படம் மாட்டப்பட்டது 2005இல்.

இன்னொரு தட்டையும் சொல்லிவிடுவோம். 1930 ஜூலையில் ஹாலிவுட்டில், கன்ட்ரி இசையின் தந்தை என்று அழைக்கப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் ஒரு புளூஸ் பாடினார். அவருக்குப் பின்னால் ட்ரம்பெட் ஊதியவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். பியானோ லில் ஹார்டின். ஜாஸ் வரலாற்றின் மிகப் பெரிய பெயர்களில் இரண்டு. தட்டின் மேல் ராட்ஜர்ஸ் பெயர் மட்டும்தான் இருந்தது. ஸ்டுடியோவுக்குள் மூன்று கட்டும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தன. தட்டை ஒட்டும் காகிதத்தில் பிரிந்தன.

இனி முகங்களுக்கு வருவோம்.

கிரம்ப் வரைந்தவை பெரும்பாலும் அந்தக் கால விளம்பரப் புகைப்படங்களைப் பார்த்து வரைந்தவை. ஆகவே சித்திரத்தில் நாம் காணும் உடுப்பும் நிற்கும் தோரணையும் கிரம்ப் கொடுத்ததில்லை. பேட்டனின் படத்தைப் பாருங்கள். கோட்டு, கழுத்தில் போ டை, மடியில் கிட்டார், கேமராவை நேராகப் பார்க்கும் கண். குத்தகைப் பண்ணையில் கடையே முதலாளியுடையது, கணக்கும் முதலாளியுடையது. வருடக் கடைசியில் பருத்தி எடுத்துக் கொடுத்த பிறகும் கடன்தான் மிஞ்சும் என்ற உலகத்திலிருந்து வந்த மனிதர் இவர். படம் எடுக்க வரும்போது இப்படித்தான் வந்தார். கோட்டும் டையும் அணிந்து நிற்கும் ஒருவரின் சிலை ஏன் சிலரை இவ்வளவு உறுத்துகிறது என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாறாக லெட்பெல்லிக்கு நடந்ததைப் பாருங்கள். லூசியானாவின் அங்கோலா சிறையிலிருந்து 1934இல் வெளிவந்த பெரும் பாடகர். நாட்டார் பாடல் சேகரித்த ஜான் லோமாக்ஸ் அவரைக் கல்லூரிகளுக்கும் நகரங்களுக்கும் அழைத்துப் போனார். லெட்பெல்லிக்குப் பிடித்தது நல்ல சூட். மேடையில் அவரைப் பண்ணைக் கூலி உடுப்பிலும் கைதி உடுப்பிலும் காட்டுவதுதான் கூட்டத்துக்குப் பிடித்தது. 1935இல் ஒரு செய்திப்படத்திலும் அதே வேஷம். ‘அசல்’ கறுப்பர் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர் முடிவு செய்தார். பணத்தகராறு வந்து அதே ஆண்டு இருவரும் பிரிந்தார்கள்.

உடுப்பை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பது சின்ன விஷயமில்லை என்பதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. ஜிம் குரோ என்றால் நிறப்பிரிவினைச் சட்டங்களின் பெயர் என்று படித்திருப்போம். அது முதலில் ஒரு மேடைக் கோமாளியின் பெயர். 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசி, கந்தல் கட்டி, நொண்டி ஆடி, கறுப்பரைப் போலப் பாடுகிறேன் என்று காட்டிய வேஷம் அது. அந்த ஆட்டத்தின் படம் பாட்டுப் புத்தகங்களின் அட்டையில் ஏறியது. தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக அதே முகம் சோப்பு விளம்பரத்திலும் பொம்மையிலும் பரவியது. பிறகு ரயிலில் தனிப்பெட்டி, தனிப் பள்ளிக்கூடம் என்று சட்டம் வந்தபோது அந்தக் கோமாளியின் பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது.

இங்கேதான் கிரம்ப் நமக்குச் சிக்கலாகிறார். பேட்டனை இவ்வளவு கவனமாக வரைந்த அதே கை, 1960களின் கடைசியில் ஒரு கறுப்பினப் பெண்ணை நிர்வாணமாக, தடித்த உதட்டோடு, யார் வேண்டுமானாலும் அனுபவிக்கலாம் என்பதுபோலக் கார்ட்டூன் தொடரில் வரைந்தது. வெள்ளை அமெரிக்காவின் மண்டைக்குள் இருக்கும் அழுக்கைத்தான் வெளியே கொட்டினேன், அது கேலி என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை நம் ஊரிலும் கேட்டிருக்கிறோம். சாதியைக் கேலி செய்கிறேன் என்று சொல்லி நம்மைக் கேலி செய்யும் படங்களை எத்தனை பார்த்திருக்கிறோம்! கேலி யாருடைய உடம்பில் வரையப்படுகிறது என்று கேட்டால் போதும், பதில் கிடைத்துவிடும்.

அப்படியானால் அட்டைகளைத் தூக்கி எறிவதா? வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கார்ட்டூனில் அந்தப் பெண்ணுக்குச் சொந்த முகம் கிடையாது. கிரம்பின் மண்டையிலிருந்து வந்தவள். அட்டையில் இருப்பவர்கள் முன்னமே ஒரு புகைப்படக்காரர் முன்னால் உட்கார்ந்து, தான் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்கள். அந்த முடிவை மீற கிரம்புக்கு இடம் இருக்கவில்லை, அல்லது அவர் மீற விரும்பவில்லை. அட்டையில் எங்களைப் பிடித்து நிறுத்துவது கோட்டுக்காரர்தான். கோடு போட்டவர் இரண்டாவதுதான்.

ஆனாலும் முடிவு முழுக்கப் பாடகர் கையில் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. டெக்சாஸைச் சேர்ந்த பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனுக்கும் மிஞ்சியிருப்பது ஒரே படம். வட்டக் கண்ணாடி, கோட்டு. அதில் தெரியும் டை பிறகு கையால் தீட்டிச் சேர்த்ததுபோல இருக்கிறது. கீழே “தங்கள் அன்புள்ள” என்ற பாணியில் ஒரு கையெழுத்து வேறு, பார்வையற்ற மனிதரின் பெயரில். பாரமவுண்டுக்கு அதிகம் விற்றுக் கொடுத்த ஆண் பாடகர் அவர். ஒருமுறை ஒரு தட்டின் ஒட்டுக்காகிதத்திலேயே அவர் படத்தை அச்சிட்டு, மஞ்சள் நிறத்தில் பிறந்தநாள் தட்டு என்று விற்றார்கள். பாரமவுண்டின் முதலாளி விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலிக் கம்பெனி என்பதையும் சொல்ல வேண்டும். கிராமபோன் பெட்டி செய்யப் போய், பெட்டி விற்கத் தட்டு தேவை என்று இறங்கியவர்கள். ஜெஃபர்சன் 1929 டிசம்பரில் சிகாகோவில் இறந்தார். டெக்சாஸில் அவர் புதைந்த இடத்துக்கு ஓர் அடையாளக் கல் வந்தது 1967இல். பேட்டனுக்கு 1991இல். பெரும் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937இல் கார் விபத்தில் இறந்தவர். கொலம்பியாவுக்கு லட்சக்கணக்கில் தட்டு விற்றுக் கொடுத்தும் பாட்டுக்கு இவ்வளவு என்று மொத்தப் பணம்தான், ராயல்டி கிடையாது. அவர் கல்லறைக்கு 1970இல்தான் கல் வைத்தார்கள். பணம் கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் வெள்ளைப் பாடகி ஜானிஸ் ஜாப்லின். கிரம்பின் புகழ்பெற்ற ஆல்பம் அட்டைப்படம் அவருடைய குழுவுக்கு வரைந்ததுதான். மற்றவர் ஜுவானிட்டா கிரீன். சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸி வீட்டில் வேலை செய்தவர். செய்திகளில் முதல் பெயர் மட்டும்தான் பெரிதாக வரும்.

பெண்கள் பேச்சு வந்ததால் இதையும் பதிவு செய்கிறோம். புளூஸ் இசைத்தட்டைத் தொடங்கி வைத்ததே பெண்கள். மேமி ஸ்மித், மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் என்று 1920களின் முதல் பாதி முழுக்க அவர்கள் குரல்தான். குடிகாரக் கணவனை, அடியை, பெண் பெண்ணை விரும்புவதை, சிறையை எல்லாம் மேடையில் பாடினார்கள். ஏஞ்சலா டேவிஸ் 1998இல் இவர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். இந்தப் பொருளில் ஒரே ஒரு புத்தகம் படிப்பதாக இருந்தால் அதைப் படியுங்கள். ஆனால் புளூஸ் கட்டின் 36 அட்டைகளில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். மெம்ஃபிஸ் மின்னி இருக்கிறார். கிட்டாரில் ஆண்களைத் தோற்கடித்தவர் என்பதால் அவரை விட முடியவில்லை போலும். 1950, 60களில் பழைய தட்டுகளைச் சேகரித்த வெள்ளை இளைஞர்களுக்குப் பிடித்த புளூஸ் என்பது தனி ஆள், ஒற்றைக் கிட்டார், தூசி பறக்கும் சாலை. பட்டும் முத்துமாலையும் அணிந்து பாண்டு வாத்தியத்தோடு பாடிய பெண்கள் அந்தக் கனவுக்குப் பொருந்தவில்லை. அந்தச் சேகரிப்பாளர்களின் ரசனைதான் அட்டைக் கட்டின் ரசனை.

அவர்களுடைய உழைப்பை நாங்கள் சிறுமைப்படுத்தவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல குரல்கள் குப்பையில் போயிருக்கும். தெற்கே கறுப்பினக் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, “பழைய தட்டு இருக்கிறதா?” என்று சில்லறைக் காசுக்கு வாங்கினார்கள். 2013இல் டாமி ஜான்சன் என்ற மிசிசிப்பிப் பாடகரின் பாரமவுண்ட் தட்டு ஒன்று ஏலத்தில் 37,100 டாலருக்குப் போனது. டாமி ஜான்சன் இறந்தது 1956இல். பாடியவர் குடும்பத்துக்கோ, தட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பாட்டிக்கோ அந்தக் கணக்கில் பங்கு இல்லை.

1964 ஜூன் மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பியில் ஒரு காரில் சென்ற வெள்ளை இளைஞர்கள் சன் ஹவுஸ் என்ற பழைய பாடகரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் வடக்கே ராச்செஸ்டர் நகரில் இருப்பது தெரிந்து அங்கே போனார்கள். இன்னொரு குழு ஸ்கிப் ஜேம்ஸை ஒரு மருத்துவமனைப் படுக்கையில் கண்டுபிடித்தது. அதே ஜூனில், அதே மாநிலத்தில், கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் இயக்கத்துக்காக வேலை செய்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் கொல்லப்பட்டு மண்ணணைக்குள் புதைக்கப்பட்டார்கள். இரண்டு வகை இளைஞர்களும் ஒரே மாநிலத்தின் சாலைகளில்தான் போனார்கள். ஒரு வகையினர் 1930ஐத் தேடி வந்தார்கள். கண்டெடுக்கப்பட்ட பாடகர்களுக்கோ அந்த 1964இல்தான் வாழ வேண்டியிருந்தது.

மீதமுள்ள ஒரு முகத்தைச் சொல்லி முடிக்கிறோம். ராபர்ட் ஜான்சன். 1936, 37இல் டெக்சாஸில் 29 பாட்டுகள் பதிவு செய்து, 1938இல் 27 வயதில் இறந்தவர். சாலைச் சந்திப்பில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்றார் என்று இன்றுவரை சொல்கிறார்கள். கறுப்பர் ஒருவர் உழைத்துத் திறமை பெற்றார் என்று நம்புவதைவிடச் சாத்தானை நம்புவது பலருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. கிரம்பின் புளூஸ் அட்டைகள் வந்தபோது ஜான்சனின் முகத்தை உலகம் பார்த்திருக்கவில்லை. முதல் புகைப்படம் அச்சானது 1986இல். அவருடைய சகோதரி கேரி குடும்பப் பெட்டியில் காத்து வைத்திருந்த படங்களை 1970களில் ஒரு சேகரிப்பாளர் ஒப்பந்தம் போட்டு வாங்கியிருந்தார். கேரி 1983இல் இறந்துவிட்டார். ஒரு படம் மெம்ஃபிஸில் ஹூக்ஸ் சகோதரர்கள் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர்களின் ஸ்டுடியோவில் எடுத்தது. கோடு போட்ட சூட், தொப்பி, பளபளக்கும் காலணி, சிரிப்பு. இன்னொன்று தானியங்கிப் பெட்டிக்குள் நின்று எடுத்தது, வாயில் சிகரெட். 1994இல் அமெரிக்க அஞ்சல் துறை அந்தப் படத்தைப் பார்த்து வரைந்த தபால்தலை வெளியிட்டபோது சிகரெட்டை மட்டும் அழித்துவிட்டார்கள். ஒரு மனிதரைச் சாத்தானோடு சேர்த்துப் பேசலாம், புகைபிடிக்க மட்டும் விடக்கூடாது!

2020இல் மூன்றாவது படம் வந்தது. வெளியிட்டவர் ஆனி ஆண்டர்சன். ஜான்சனின் மாற்றாந்தாய் வழித் தங்கை போல ஒரே குடும்பத்தில் மெம்ஃபிஸில் வளர்ந்தவர். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு தன் அண்ணனைப் பற்றி ஒரு புத்தகம் சொல்லி எழுத வைத்தார். அதில் சாத்தான் இல்லை. சிறுமிகள் கேட்ட பாட்டை வாசித்துக் காட்டும் அண்ணன் இருக்கிறார். அவருக்கு மிகவும் பிடித்த பாடகர்களில் ஒருவர் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்கிறார் ஆனி. கன்ட்ரி கட்டின் அந்த ராட்ஜர்ஸ்தான். வீட்டில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து அவருடைய பாட்டைப் பாடி, அவரைப் போலவே குரலை உடைத்து ஏற்றி இறக்குவார்களாம். எந்தக் கம்பெனியும் ராபர்ட் ஜான்சனிடம் அதைக் கேட்கவில்லை. 29 பதிவுகளில் அது இல்லை.

படம் பீல் தெருவில் காசு போட்டு எடுக்கும் பெட்டிக்குள் எடுத்தது. தானும் அன்று கூட இருந்ததாக ஆனி சொல்கிறார். விரல் நரம்பில் இருக்கிறது. கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார்.